நூற்று இருபத்தேழு, பூச்சியம், பூச்சியம், ஒன்று

லிந்துலையில் இரவு பதினொன்றே கால்.
ரவுட்டரைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு
ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
மழை சாய்ந்து அடித்தால் ஒரு கோடு,
நேராகப் பெய்தால் இரண்டு.

முப்பத்தெட்டு எம்பி சோதனை அறிக்கை
கொழும்பிலிருந்து மலையேறி வர நாற்பது நிமிடம்.
பதுளை ரயிலும் இப்படித்தான்,
வட்டகொடையில் நின்று மூச்சு வாங்கும்.

பொதியை அவிழ்த்து, கோப்பின் மேல் இரண்டு தட்டு.
வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே.
புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இந்த இடத்தில்தான்
அறிக்கை கெட்டுவிட்டது என்று எழுதி அனுப்புவார்கள்.
கெடவில்லை.
பக்கத்தில் நின்று யாராவது பரிமாறினால்தான்
கை நனைக்கும் சம்பந்தி அது.

கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி.
வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம்.
நேற்றைய அறிக்கை,
நான் போகச் சொல்ல மறந்தது.
கொன்றேன். எங்கள் தொழிலில்
அதற்கு வேறு மென்மையான சொல் இல்லை.

மறுபடி அதே வரி.
இப்போது ஒரு முகவரி சொல்கிறது:
நூற்று இருபத்தேழு, பூச்சியம், பூச்சியம், ஒன்று.

எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது.
கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும்,
மேசையில் கிடக்கும்,
யாராவது அந்தப் பக்கம் போனால் வரும்.
என் முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம்
தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது.
இந்த எண்ணுக்கு மட்டும்
'மே/பா பெரிய துரை' என்று எழுத வேண்டியதில்லை.
தட்டினால் நானே திறக்கிறேன்.

வளையம் விரிகிறது.
அறுநூற்றுப் பதினொன்று பச்சை.
சாம்பலில் ஒன்று, பிறகு பார்க்கலாம் என்று யாரோ விட்டது.
சிவப்பு இல்லை.
ஷிஃபான் மாலையிலேயே எழுதிவிட்டான்:
எல்லாம் பச்சை, காலையில் வெளியிடுவோம்.

பச்சையை நான் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.
ஜன்னலைத் திறந்தால் அதுதானே முழுக்க.

நானூற்று ஏழாம் சோதனை:
பால் நிலையம், தொடர்பு அறுந்த நிலையில் பதிவு.
ஓரத்தில் சின்னதாக ஒரு வளைந்த அம்பு.
தொட்டேன்.
முதல் முயற்சி தோல்வி.
இரண்டாம் முறை தொடர்பு அறவேயில்லை. தேறியது.
கொழும்பில் இரண்டாவதை மட்டும் எண்ணிக்கொண்டார்கள்.

எதிர்பார்த்தது ஏழு தசம் நான்கு லீற்றர்.
கிடைத்தது ஏழு.

சிக்னல் போகும்போது
செயலி பாலைத் தன் மடியில் கட்டிக்கொள்கிறது,
வந்ததும் அவிழ்த்துக் கொடுக்கிறது,
தசமத்தை மடியிலேயே விட்டுவிட்டு.
அவர்கள் மேசையில் சிக்னல் போவதில்லை.
இங்கே வருவதுதான் செய்தி.

அவசரத்தில் ஷிஃபானுக்கு அந்த முகவரியையே அனுப்பினேன்.
"ஒன்றும் திறக்கவில்லையே, சுபாஜினி."
என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.
எங்கே தட்டுகிறோமோ அங்கேயே இருக்கிற வீடு அது.
நான் என் கதவை அனுப்ப
அவன் தெஹிவளையில் தன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான்,
உள்ளே ஆளில்லாமல்.

படம் பிடித்து அனுப்பினேன்.
பாதியில் நின்றது.
மூன்று தடவை. நான்கு.
மேசையிலேயே கண்ணயர்ந்திருக்கிறேன்.

நாலே முக்காலுக்குப் பால் வண்டி.
செல்வமேரி கேனோடு இறங்கும் சத்தம்,
றப்பர் செருப்பு, ஈரப் படி.
அவளுடைய மாடு கன்று போட்டு மூன்று வாரம்,
ஏழேகால் ஏழரை கறக்கும் என்றாள்.
இன்றைக்குப் புத்தகத்தில்தான் எழுதுவார்கள்.
பேனாவுக்குத் தசமம் தெரியும்.
திங்களிலிருந்து செயலி.

ரவுட்டரைக் கம்பியிலிருந்து அவிழ்த்து
குடைக்குள் பிடித்துக்கொண்டு பீலிக்கரை வரை போகிறேன்.
இரண்டு கோடு.
திரும்பிப் பார்த்தால் அறைக்குள் கறுப்புத் திரை,
நிறுத்துவதற்கு என்ன அழுத்த வேண்டும் என்று
அடிவரியில் சொல்லிக்கொண்டு.

இருக்கட்டும்.
படம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.